என் மகள் பிறந்த ஊருக்கு இரண்டு பெயர்: எட்டு மாத அலைச்சலும் 88,000 ரூபாயும்

2023 செப்டம்பரில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து இணையத்தில் தேடினேன். பிள்ளை பிறந்த ஊரின் பெயர் மாறிவிட்டது, பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொரு பெயர், இப்போது என்ன செய்வது என்று யாராவது தமிழில் எழுதியிருக்க மாட்டார்களா என்று பார்த்தேன். மதராஸ் சென்னையான கதைதான் திரும்பத் திரும்ப வந்தது. அது எனக்கு உதவாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அதற்கப்புறம் எட்டு மாதம் அலைந்து, அழுது, ஏமாந்து நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்ப்பவர், வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில் இருப்பார். அதனால் அலைச்சல் மொத்தமும் என் தலையில்.

நான் தூத்துக்குடிக்காரி. மீன்வளம் படித்துவிட்டு, 2016இல் முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்துக்குப் போனேன். போர்ட் எலிசபெத் விமான நிலையத்தில் இறங்கி 130 கிலோமீட்டர் போனால் கிரஹாம்ஸ்டவுன், பின்னால் என் மகள் பிறந்த ஊர். எப்போதோ அழிந்துபோனதாக எல்லாரும் நினைத்திருக்க, 1938இல் வலையில் சிக்கிய சீலகாந்த் மீனை இன்னதென்று அடையாளம் சொன்னாரே ஜே.எல்.பி. ஸ்மித், அவர் வேலை பார்த்த ரோட்ஸ் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. மீன் படிக்கிறவளுக்கு அது திருச்செந்தூர் மாதிரி. ஊர் சின்னது. பெரிய தேவாலயம், அதை ஒட்டி அகலமான கடைத்தெரு, அந்தத் தெருவில் யாருக்கும் பயப்படாமல் நடந்து போகிற கழுதைகள். ஒரு பக்கம் பழைய ஆங்கிலேய வீடுகள், எதிர்ப்பக்கக் குன்றில் கறுப்பின மக்கள் வாழும் ஜோசா என்ற குடியிருப்பு. நடுவில் கோடு போட்டுப் பிரித்த மாதிரி இருக்கும்.

எங்கள் ஆய்வகத்தைச் சுத்தம் செய்ய ஜோசாவிலிருந்து ஒரு அம்மா வருவார். அங்கே வயதில் மூத்த பெண்களை 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டும். முதல் ஒரு மாதம் அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்; எங்கள் ஊரில் மாமா என்றால் மீசை வைத்தவர் ஆயிற்றே. அவர் என்னை 'சிசி' என்பார், சகோதரி என்று அர்த்தம். ஒருநாள் பேச்சுவாக்கில், கிரஹாம் யார் மாமா என்று கேட்டேன். கையிலிருந்த துடைப்பானை வாளியில் சாய்த்து வைத்துவிட்டு, "எங்களை அடித்து விரட்டினவன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மீதியை நான் நூலகத்தில் படித்தேன். கர்னல் ஜான் கிரஹாம் 1811 கடைசியிலும் 1812 தொடக்கத்திலும் படையோடு வந்து, அந்த மண்ணில் வாழ்ந்த கோசா இன மக்கள் சுமார் 20,000 பேரை வீடும் வயலும் எரித்து கிரேட் ஃபிஷ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் விரட்டினார். அவர்கள் மனதில் போதிய பயத்தை உண்டாக்கத் தேவையான ரத்தத்துக்கு மேல் சிந்தவில்லை என்று அப்போதைய பிரிட்டிஷ் ஆளுநர் க்ரேடக் லண்டனுக்குக் கடிதம் எழுதினார். அந்தப் படை முகாம்தான் ஊரானது, அந்தக் கர்னலின் பெயரே ஊருக்கும் வந்தது.

இன்னொருநாள் மாமா சொன்னது அப்படியே மனதில் இருக்கிறது: "மினிபஸ் டாக்சியில் ஏறி கிரஹாம்ஸ்டவுன் என்று சொல்கிறேன் இல்லையா, ஒவ்வொரு தடவையும் அவனுக்கு நானே சலாம் போடுகிறேன். அதனால் எங்களுக்குள் எரினி என்றுதான் சொல்லிக்கொள்வோம்." எரினி என்பது அந்த இடத்தின் கோசா பெயர்.

1819 ஏப்ரல் 22 அன்று அந்த முகாமைத் தாக்க ஆயிரக்கணக்கான கோசா வீரர்களைத் திரட்டிக்கொண்டு வந்தவர் மக்காண்டா. வீரர், தீர்க்கதரிசி. துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் முன்னால் ஈட்டி நிற்கவில்லை. சண்டை நடந்த இடத்துக்கு இன்றைக்கும் எகாசினி, 'ரத்தம் சிந்திய இடம்' என்றுதான் பெயர். தன் மக்கள் மேல் நடந்த பதிலடியை நிறுத்த அவர் தாமாகவே வந்து சரணடைந்தார். ராபன் தீவில் அடைத்தார்கள்; பின்னாளில் மண்டேலா இருந்த அதே தீவு. அங்கிருந்து படகில் தப்பும்போது கடலில் மூழ்கிப் போனார். அவருக்கு நெக்செலே என்று இன்னொரு பெயர், இடது கைக்காரர் என்று அர்த்தம். அதில் வரும் 'க்ஸ' நாம் எழுதுவது போல இல்லை. வண்டி மாட்டை ஓட்டும்போது நாக்கைக் கன்னத்து ஓரம் ஒட்டி ஒரு சத்தம் விடுவோமே, அது. டச்சுக்காரர்கள் அதை லிங்க்ஸ் என்று மொழிபெயர்க்க, ஆங்கிலேயர்கள் காட்டுப்பூனையின் பெயரைப் போல லின்க்ஸ் என்று எழுதி வைத்தார்கள். ஆக, அந்த மனிதருக்கே நாலு பெயர். அவர் பெயரில் ஊர் வந்தபோது காகிதத்தில் குழப்பம் வராமல் இருக்குமா?

2018இல் நான் கர்ப்பமாக இருந்தேன். அந்த வருஷம் ஜூன் 29ஆம் தேதி அரசிதழில் வந்தது: கிரஹாம்ஸ்டவுன் இனி மக்காண்டா. ஆட்சேபம் சொல்ல ஒரு மாத அவகாசம். ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது. பழைய பெயரே இருக்கட்டும் என்று ஒரு இயக்கமே நடந்தது. வரலாற்றை அழிக்கிறார்கள், வியாபாரம் கெடும், இந்தக் காசில் குழாயைச் சரி பண்ணலாம் என்றார்கள். குழாய் விஷயத்தில் எனக்கும் மனத்தாங்கல் இருந்தது, ஏனென்றால் வாரத்தில் பாதி நாள் தண்ணீர் வராது. ஆனால் இருநூறு வருஷம் பெயரையும் மாற்றவில்லையே, அப்போது மட்டும் ஜோசாவில் எல்லாத் தெருவிலும் குழாயா இருந்தது? நான் மாற்றத்தின் பக்கம்தான். இன்றைக்கும்.

செப்டம்பரில் மகள் பிறந்தாள். என் அம்மா ஊரிலிருந்து வந்து கூட இருந்தார். 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம், செய்தோம். பெற்றோர் விவரத்தோடு வரும் முழுச் சான்றிதழ் கைக்கு வந்தது. பிறந்த இடம்: கிரஹாம்ஸ்டவுன். அக்டோபர் தொடக்கத்தில், வந்த ஆட்சேபங்களைத் தள்ளிவிட்டு, பெயர் மாறியது மாறியதுதான் என்று கலை, பண்பாட்டு அமைச்சர் நாதி ம்தேத்வா அறிவித்தார்.

நவம்பரில் இந்தியத் தூதரகத்துக்கு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தேன். வெளிநாட்டில் இந்தியப் பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளையை ஒரு வருஷத்துக்குள் தூதரகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதோடு சேர்த்தே பாஸ்போர்ட்டுக்கும் போட்டேன். ஆய்வக மேசையில் வைத்துத்தான் எழுதினேன், பக்கத்தில் மாமா ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தார். 'பிறந்த இடம்' கட்டம் வந்ததும் கை தானாகவே மக்காண்டா என்று எழுதியது. பெயர்தான் சட்டப்படி மாறிவிட்டதே, பழையதை எதற்கு எழுதணும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஜனவரியில் பாஸ்போர்ட் வந்தபோது மாமாவிடம் காட்டினேன். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு, அந்தப் பெயர் மேல் விரல் வைத்து எழுத்து எழுத்தாக நகர்த்தினார். "எனக்குத் தெரிந்து இந்தப் பெயரைக் கடல் தாண்டிக் கொண்டு போகப் போகிற முதல் ஆள் இவள்தான், சிசி" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் செய்த தப்பு அந்த நிமிஷத்தில்தான் இருக்கிறது.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். 'பிறந்த இடம்' என்று கேட்கும் எந்தப் படிவத்திலும், பிறப்புச் சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். ஊருக்கு இன்றைக்கு என்ன பெயர், எது நியாயமான பெயர், உங்களுக்கு எது பிடிக்கும், எதையும் அந்தக் கட்டம் கேட்கவில்லை. அரசியலைப் பேச்சில் வைத்துக்கொள்ளலாம், கடிதத்தில் வைத்துக்கொள்ளலாம், வீட்டு வாசலில்கூட எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டத்தில் வேண்டாம்.

அந்த நாட்டை விட்டுக் கிளம்பும் முன் இன்னும் இரண்டு காரியம் செய்திருக்கணும், செய்யவில்லை. பிறப்புச் சான்றிதழில் இன்னொரு அசல் பிரதி வாங்கியிருக்கலாம். அங்கே இருக்கும்போது அது வரிசையில் நிற்கிற வேலை மட்டும்தான். அதற்கு அப்போஸ்தில் முத்திரையும், அதாவது வெளிநாட்டிலும் செல்லும் என்று அரசாங்கம் குத்தித் தரும் முத்திரையும், வாங்கியிருக்கலாம். தென்னாப்பிரிக்காவும் இந்தியாவும் அதற்கான சர்வதேச ஒப்பந்தத்தில் இருப்பதால் ஒரு முத்திரையே போதும். ஆனால் 2019 தொடக்கத்தில் எனக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. வறட்சியில் அணைகள் அடியைத் தொட்டுவிட்டன. கைக்குழந்தையோடு ஐந்து லிட்டர் கேன்களைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். கிஃப்ட் ஆஃப் தி கிவர்ஸ் என்ற தொண்டு நிறுவனம் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது, ஆழ்துளைக் கிணறும் போட்டது. வரிசையில் ஒருவர், "பெயர் வந்துவிட்டது, தண்ணீர்தான் வரவில்லை" என்றார். இரண்டு தரப்பும் சேர்ந்து சிரித்த ஒரே சமயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

2020 ஜனவரியில் ஊருக்குத் திரும்பினோம். அடுத்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தபோது சின்னதாக ஒரு முன்னோட்டம் நடந்தது. அங்கே குடியிருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள், தண்ணீர் வரி ரசீதைக் கொடுத்தேன். அதில் மகானா நகராட்சி என்று இருந்தது. நகராட்சி 2000இலேயே அதே வீரரின் பெயரை வேறு எழுத்துக்கூட்டலில் வைத்துக்கொண்டிருந்தது. ஆய்வேட்டின் முகப்பில் கிரஹாம்ஸ்டவுன், விண்ணப்பத்தில் நான் எழுதியது மக்காண்டா, ரசீதில் மகானா. சரிபார்த்த ஆள் மூன்று ஊரில் இருந்தீர்களா என்று மின்னஞ்சல் போட்டார். பல்கலைக்கழகத்தின் பெயர் மாறாததால் ஒரு வாரத்தில் தீர்ந்தது. ஊர்ப் பெயர் மாறுவதற்கு முன்பே, 2017 டிசம்பரில், ரோட்ஸ் என்ற பெயரை வைத்துக்கொள்வது என்று பல்கலைக்கழக மன்றம் ஓட்டெடுப்பில் முடிவு செய்திருந்தது. சென்னைக்குள் மதராஸ் பல்கலைக்கழகம் இருக்கிற மாதிரி, மக்காண்டாவுக்குள் ரோட்ஸ் இருக்கிறது. அந்த விவாதத்துக்குள் இப்போது போகவில்லை. அந்த மின்னஞ்சல் வந்தபோதே நான் சுதாரித்திருக்கணும். சிரித்துவிட்டு மறந்துவிட்டேன்.

சிறுபிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருஷம்தான் செல்லும். 2024 ஜனவரியில் மகளுடையது முடிகிறது. 2023 டிசம்பரில் வீட்டுக்காரரின் கப்பல் சிங்கப்பூரில் பழுது பார்க்க நிற்கும், 12 நாள் கரையில் இருப்பேன், வந்துவிடுங்கள் என்றார். ஒன்பது மாதமாக அப்பாவைத் திரையில் மட்டும் பார்த்திருந்தாள் பிள்ளை. டிக்கெட்டை ஆகஸ்டிலேயே போட்டேன், பணம் திரும்பாத வகை, விலை குறைவு என்று. செப்டம்பரில் புதுப்பிக்கப் போனேன். மூன்றாவது மேசையில் இருந்தவர் பழைய பாஸ்போர்ட்டையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, குழந்தை எந்த ஊர்ல பொறந்துச்சு?"

"ரெண்டும் ஒரே ஊர்தான் சார். பேரு மாத்திட்டாங்க."

"டூட்டிகோரின், தூத்துக்குடின்னா எனக்குத் தெரியும். இதுல ஒரு எழுத்துகூட ஒட்டலியே."

அவர் கேட்டது நியாயம்தான். மதராஸ் கதை எனக்கு உதவாது என்றேனே, காரணம் இதுதான். நம் ஊர்ப் பெயர் மாற்றம் நம் அலுவலர்களுக்கு நாக்கிலேயே இருக்கிறது. கேட்ட உடனே தலையாட்டுவார்கள். அதுவும் பெரும்பாலும் எழுத்துக்கூட்டல் மாற்றம்தான். ஆனால் அடக்கியவரின் பெயரை எடுத்துவிட்டு எதிர்த்தவரின் பெயரை வைக்கும்போது, இரண்டுக்கும் ஒலியில் ஒரு சம்பந்தமும் இருக்காது. தூரதேசத்தில் இருக்கும் அலுவலருக்கு அவை இரண்டு வேறு ஊர்கள். ஒன்றுதான் என்று நிரூபிக்கிற பொறுப்பு நம்முடையது, வாயால் சொன்னால் பத்தாது.

விண்ணப்பத்தை நிறுத்தி வைத்தார்கள். அங்கேயும் ஒரு தப்பு என் பக்கம் இருந்தது. மறு வெளியீட்டுக்கான காரணத்தில் 'காலாவதி' என்பதை மட்டும் குறித்திருந்தேன். விவரங்களில் மாற்றம் என்று இன்னொரு காரணம் இருக்கிறது, அதையும் குறித்திருக்க வேண்டும். காலாவதி என்று மட்டும் போட்டால் பழைய விவரமே தொடரும் என்று பொருள். அப்புறம் வேறு விவரம் உள்ள சான்றிதழை நீட்டினால் சந்தேகப்படாமல் என்ன செய்வார்கள்?

அடுத்து நடந்ததுதான் பெரிய சறுக்கல். கோர்ட்டு பக்கம் ஒரு வக்கீலிடம் உறுதிமொழிப் பத்திரம் போடப் போனேன். நான் கதை சொல்லச் சொல்ல, அவர் கணினியில் ஏற்கெனவே இருந்த மாதிரியில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தார். அதில் 'முந்தைய விண்ணப்பத்தில் பிறந்த இடம் கவனக்குறைவால் தவறாகக் குறிப்பிடப்பட்டது' என்று ஒரு வரி. படித்தேன், சரி என்று கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வரியால், பாஸ்போர்ட் வாங்கத் தவறான தகவல் கொடுத்தேன் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அந்தக் கடிதத்தை அடுப்படியில் நின்றுகொண்டே படித்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. பெயர் மாறிய ஊருக்கு உறுதிமொழி கொடுக்கும்போது 'தவறு' என்ற வார்த்தையே வரக்கூடாது. இந்தப் பெயரும் அந்தப் பெயரும் குறிப்பது ஒரே ஊரைத்தான், இன்ன சட்டப்படி இன்ன நாளில் மாறியது, அவ்வளவுதான் வர வேண்டும். வக்கீல் எழுதுகிறார் என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள்.

பயத்தில் ஒரு ஏஜெண்டிடம் போனேன். 12,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, தென்னாப்பிரிக்காவிலிருந்து புதுப் பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழ் ஒன்று வரவழையுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்றார். ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு இடைத்தரகரைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். அங்கே 4,500 ரேண்ட், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 20,000 ரூபாய். மக்காண்டாவில் இருந்த என் பழைய தோழிக்கு அனுப்பிய அத்தாட்சிக் கடிதம் முகவரி பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. நான் புதுப் பெயரை மட்டும் எழுதியிருந்தேன், கூரியர்காரர்களின் பட்டியலில் பழைய பெயர்தான் இருந்தது. மறுபடி அனுப்பினேன். கூரியருக்கு மட்டும் 6,400. அஞ்சல் குறியீடு மாறவில்லை, அதே 6139தான். இந்த மாதிரி ஊருக்கு எது அனுப்பினாலும் இரண்டு பெயரையும் எழுதி, குறியீட்டைப் பெரிதாக எழுதுங்கள். மனிதர்கள் பெயரைப் பார்த்துக் குழம்பலாம், இயந்திரம் எண்ணைத்தான் பார்க்கும்.

அக்டோபர், நவம்பர் போனது. கோசா மொழியில் ஒரு சொலவடை உண்டு, 'நெக்செலேயின் வருகை' என்பார்கள். மக்காண்டா கடலில் மூழ்கியதை நம்பாமல் அவர் ஜனங்கள் வருஷக்கணக்காகக் காத்திருந்தார்களாம்; அதிலிருந்து, வரவே வராத ஒன்றுக்காகக் காத்திருப்பதற்கு அப்படிச் சொல்வது. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். டிசம்பர் வந்தது. சிங்கப்பூர் டிக்கெட்டில் 43,000 ரூபாய் அப்படியே போனது. பணம்கூடப் பரவாயில்லை. பிள்ளை தன் சின்னப் பையில் அப்பாவுக்கென்று ஒரு பாக்கெட் மக்ரூன் எடுத்து வைத்திருந்தாள், நாங்கள் போகவில்லை என்று சொன்ன பிறகும் ஒரு வாரம் அதை யாரையும் தொட விடவில்லை. வீட்டுக்காரர் போனில், "ஏன் அந்தப் பேரை எழுதினே?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

ஜனவரி மூன்றாம் வாரம் ஜோஹன்னஸ்பர்க் உறை வந்தது. நின்ற இடத்திலேயே கிழித்துப் பார்த்தேன். புத்தம் புதுச் சான்றிதழ், புது முத்திரை, புதுத் தேதி. பிறந்த இடம்: கிரஹாம்ஸ்டவுன்.

மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தேன், அப்புறம் அழுதேன். கொஞ்சம் நிதானமாக யோசித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். பதிவேட்டில் அன்றைக்கு என்ன எழுதினார்களோ அதைத்தானே நகல் எடுத்துக் கொடுப்பார்கள்? ஊர்ப் பெயர் மாறியதற்காகப் பழைய பதிவை யாரும் திருத்துவதில்லை. என் அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் இன்றைக்கும் டூட்டிகோரின்தான். புதுப் பெயரில் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அன்று ராத்திரி மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினேன், புலம்புவதற்கு ஆள் வேண்டியிருந்தது. மறுநாள் பதில் அவரிடமிருந்து வரவில்லை, அவர் மகளிடமிருந்து வந்தது. சட்டம் படிக்கிற பெண். "அக்காவுக்கு அரசிதழ்தானே வேண்டும்?" என்கிற அர்த்தத்தில் ஒரு வரி, கூடவே ஒரு கோப்பு. 2018 ஜூன் 29 அரசிதழ்ப் பக்கம். 1998ஆம் வருஷத்து 118ஆம் எண் சட்டம், அதாவது தென்னாப்பிரிக்க இடப்பெயர் மன்றச் சட்டத்தின்படி, கிரஹாம்ஸ்டவுன் என்ற பெயர் மக்காண்டா என்று மாற்றப்படுகிறது என்று அரசாங்கமே சொல்கிற காகிதம். அரசாங்கத் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஜெராக்ஸ் கடையில் இரண்டு பக்கம், எட்டு ரூபாய். நான்கு மாதமாக நான் ஊரெல்லாம் தேடியது அதைத்தான்.

அதை எடுத்துக்கொண்டு போனதும் முடிந்துவிடவில்லை. அதே அலுவலர் தேதியைப் பார்த்துவிட்டு, "ஜூன்லயே மாத்திட்டாங்கன்னா, செப்டம்பர்ல பொறந்த குழந்தைக்கு எப்படி பழைய பேர்ல சர்டிஃபிகேட் குடுத்தாங்க?" என்றார். கெட்டிக்காரர். எனக்கு ஒரு நிமிஷம் உலகமே சுற்றியது. நல்லவேளை, ஒரு மாத ஆட்சேப காலம் என்பது அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அக்டோபரில்தான் ஆட்சேபங்களைத் தள்ளி அமைச்சர் இறுதியாக அறிவித்தார். அந்த அறிக்கையும் அரசாங்கத் தளத்தில் இருந்தது, மறுநாளே அச்சடித்துக் கொண்டு போனேன். ஆகவே அரசிதழை எடுக்கும்போது ஒரு தேதியோடு நிற்காதீர்கள். முன்மொழிந்தது எப்போது, ஒப்புதல் எப்போது, நடைமுறைக்கு வந்தது எப்போது என்று மூன்றையும் பாருங்கள். உங்கள் பிள்ளை அதற்கு நடுவில் பிறந்திருந்தால், இரண்டு முனைக்கும் காகிதம் வேண்டும்.

கடைசியில் பழைய விண்ணப்பத்தை முடித்துவிட்டு, விவர மாற்றம் என்று சரியாகக் குறித்துப் புதிதாகப் போட்டேன். 'ஒரே ஊர்' என்று நானே வரைந்த உறுதிமொழி, அரசிதழ், அமைச்சர் அறிக்கை, இரண்டு பிறப்புச் சான்றிதழ், நோட்டீஸுக்கு விளக்கம், எல்லாம் வரிசையாக ஒரு கோப்பில். முன்னால் ஒரு பக்கத்தில் எந்தக் காகிதம் எதற்கு என்று எழுதி வைத்தேன். அந்த ஒரு பக்கத்தைத்தான் அவர் ரொம்ப நேரம் படித்தார். "இதை மொத நாளே கொண்டு வந்திருக்கலாமேம்மா" என்றார். பத்திரம், கட்டணம், பேருந்து, சாப்பாடு எல்லாம் ஒரு 6,600 சேர்த்தால் மொத்தக் கணக்கு 88,000 ரூபாய். பாஸ்போர்ட் 2024 மே மாதம் வந்தது.

இது ஏதோ ஒரு சின்ன ஊரின் கதை என்று நினைக்க வேண்டாம். நான் இறங்கிய போர்ட் எலிசபெத் 2021 பிப்ரவரியில் கெபெர்ஹா ஆகிவிட்டது. அதன் முதல் எழுத்தை மேல்வாயில் நாக்கைச் சொடுக்கித்தான் சொல்ல வேண்டும். தமிழில் எழுதவே வராது, படிவத்தில் எத்தனை விதமாக எழுதப்போகிறார்களோ. அந்தப் பழைய பெயர் 1818இல் நம் மீரட்டில் காய்ச்சலில் இறந்த எலிசபெத் டாங்கின் என்ற பெண்ணுடையது. கணவர் கேப் காலனியின் தற்காலிக ஆளுநராக இருந்தபோது வைத்தது. பக்கத்தில் கார்த் தொழிற்சாலை இருக்கும் யூட்டன்ஹேக் அதே சமயத்தில் கரீகா ஆனது. அங்கே பிள்ளை பெற்றவர்கள் இன்றைக்கே அரசிதழை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். விமான டிக்கெட்டில் மட்டும் குழப்பமில்லை; விமான நிலையத்துக்கு டேவிட் ஸ்டூர்மன் என்ற கோய் இனத் தலைவரின் பெயரை வைத்த பிறகும் மூன்றெழுத்துக் குறியீடு பழையபடி பி.எல்.இசட்.தான்.

புதுப் பாஸ்போர்ட்டில், நான் கேட்டபடியே, கிரஹாம்ஸ்டவுன் என்று அச்சாகியிருந்தது. வீடு எரித்த கர்னலின் பெயர் என் மகள் பெயருக்கு இரண்டு வரி கீழே. படம் எடுத்து மாமாவுக்கு அனுப்ப மனசு வரவில்லை, போன் பண்ணித்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பரவாயில்லை சிசி, பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே?" என்று கேட்டார். இல்லை மாமா, ரத்து செய்தது என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், பீரோவில் வைத்திருக்கிறேன் என்றேன். "அதைப் பத்திரமாக வை" என்றவர், குழந்தை எத்தனாவது வகுப்பு என்று விசாரித்தார். அந்த வாரமும் அங்கே மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லையாம்.